சான் மார்த்தின் தெரு, எண் 336

புவெனஸ் ஐரிஸ் நகரில் வங்கிகள் நெருக்கியடித்து நிற்கும் பகுதியில் சான் மார்த்தின் தெரு இருக்கிறது. அர்ஜென்டினாவின் மத்திய வங்கி இருப்பதும் அதே தெருவில்தான். அங்கிருந்து சிறிது தூரம் நடந்தால், உயர்ந்த கட்டடங்களுக்கு இடையில் முற்றம் வைத்த ஒரு பழைய வீடு. கதவு எண் 336. 1862 முதல் 1868 வரை அர்ஜென்டினாவின் குடியரசுத் தலைவராக இருந்த பார்த்தொலோமே மித்ரே இந்த வீட்டில் வாடகைக்குக் குடியிருந்தார். பதவிக்காலம் முடிந்தபோது அவருக்குச் சொந்தமாக ஒரு வீடு இல்லை. ஆதரவாளர்கள் பணம் திரட்டி இதே வீட்டை வாங்கிக் கொடுத்தார்கள். பின்னாளில் அவர் தொடங்கிய நாளிதழும் அச்சுக்கூடமும் இங்கேயே வந்து சேர்ந்தன. 1906 ஜனவரி 19 அன்று அவர் இறந்தார். அடுத்த ஆண்டு வீடு அருங்காட்சியகமானது.

1992-இல் வெளியான இரண்டு பெசோ தாளில் ஒரு பக்கம் மித்ரேயின் முகம், மறுபக்கம் இந்த வீடு. ஒரு பெசோவுக்கு ஒரு டாலர் என்று அன்று சட்டமே உறுதி சொல்லியிருந்தது. 2002 தொடக்கத்தில் அந்த உறுதி உடைந்தது. பிறகு வந்த விலைவாசியில் இரண்டு பெசோவுக்கு வாங்க எதுவுமே இல்லாமல் போனது. 2018-இல் மத்திய வங்கி அந்தத் தாளைச் செல்லாததாக்கியது. மித்ரேயின் பெயர் இப்போதும் நகரில் நிறைய இடங்களில் இருக்கிறது. ரெத்தீரோ நிலையத்திலிருந்து புறப்படும் புறநகர் ரயில் பாதைக்கு அவர் பெயர். ஒரு பூங்காவில் குதிரைமேல் அமர்ந்திருக்கும் சிலை. ரயிலில் போகிறவர்களுக்கு அது திக்ரே போகும் வண்டி, அவ்வளவுதான்.

அரசு தரும் நினைவுகள் இப்படித் தேய்வது இயல்பு. மித்ரே விட்டுச்சென்றவற்றில் தேயாமல் நிற்பது வேறொன்று என்று நான் நினைக்கிறேன். கியூபாவிலிருந்து நாடுகடத்தப்பட்ட ஒருவருக்கும், நிக்கராகுவாவில் பிறந்த ஓர் இளங்கவிஞருக்கும் அவருடைய ‘லா நாசியோன்’ நாளிதழ் திறந்துவிட்ட பத்திகள்தான் அது. ஸ்பானிய மொழியில் இன்று ‘க்ரோனிக்கா’ என்று வழங்கும் இலக்கியச் செய்திக்கட்டுரை அந்தப் பத்திகளில் வளர்ந்தது.

மித்ரே 1821 ஜூன் 26 அன்று புவெனஸ் ஐரிஸில் பிறந்தார். சிறுவனாக இருந்தபோது, மாட்டுப்பண்ணை வேலை பழகட்டும் என்று தகப்பனார் அவரை ஹெர்வாசியோ ரோசாஸ் என்பவரின் பண்ணைக்கு அனுப்பினார். ஹெர்வாசியோ, நாட்டை இரும்புப் பிடியில் வைத்திருந்த ஹுவான் மனுவேல் தெ ரோசாஸின் தம்பி. சில காலத்தில் பையன் வீட்டுக்குத் திரும்பி வந்தான். எங்கே கொஞ்சம் மர நிழல் கண்டாலும் குதிரையை விட்டு இறங்கிப் படிக்க உட்கார்ந்துவிடுகிறான், இவன் எதற்கும் உதவ மாட்டான் என்று பண்ணைக்காரர் சொல்லியனுப்பியதாக அர்ஜென்டினாவில் எல்லோரும் சொல்லும் கதை. எவ்வளவு தூரம் நடந்ததோ, பையனின் பிற்கால வாழ்க்கை அந்தக் கதையை நம்பவைக்கிறது.

ரோசாஸின் ஆட்சியில் எழுதத் தெரிந்தவர்கள் பலர் நாட்டைவிட்டு ஓடினார்கள். மித்ரேயின் குடும்பம் மோந்தேவிதேயோ போனது. அங்கே அவர் பீரங்கிப் படையில் சேர்ந்தார், பத்திரிகைகளில் எழுதினார். பிறகு பொலிவியா. லா பாஸ் நகரில் ‘லா எப்போக்கா’ பத்திரிகையை நடத்தினார். ‘சோலெதாத்’ என்ற தன் நாவலை 1847-இல் அதிலேயே வெளியிட்டார். அடுத்து பெரு, பிறகு சிலி. வால்பரைசோவிலும் சந்தியாகோவிலும் மறுபடியும் பத்திரிகை வேலை. சந்தியாகோவில் அவர் எழுதிய ‘எல் ப்ரோக்ரேசோ’வில்தான் 1845-இல் இன்னொரு அகதியான தொமிங்கோ சர்மியெந்தோ ‘ஃபக்குந்தோ’வைத் தொடராக எழுதியிருந்தார். லத்தீன் அமெரிக்க உரைநடையின் பெரும்படைப்புகளில் ஒன்றாக இன்று வகுப்பறைகளில் படிக்கப்படும் அந்த நூல், முதலில் நாளிதழின் அடிப்பாகத்தில் நாள்தோறும் அச்சான தொடர். எழுதியவரும் பின்னாளில் குடியரசுத் தலைவரானார். அந்தத் தலைமுறையில் ஒரே கை காலையில் தலையங்கமும் மாலையில் கவிதையும் எழுதியது, ஆட்சி மாறினால் அரசியல் சட்டமும் எழுதியது. பத்திரிகைதான் அவர்களுக்குச் சோறு போட்டது.  

1852 பிப்ரவரியில் காசெரோஸ் போரில் ரோசாஸ் வீழ்ந்தார். வென்ற படையில் மித்ரே பீரங்கி அதிகாரி. ஏப்ரல் 1 அன்று ‘லோஸ் தெபாத்தேஸ்’ என்ற நாளிதழைத் தொடங்கினார். ரோசாஸை வீழ்த்திய தளபதி உர்கீசாவே அந்த ஆண்டு ஜூன் மாதம் அதை மூடினார். அடுத்த ஆண்டு புவெனஸ் ஐரிஸ் முற்றுகையில் மித்ரேயின் நெற்றியில் குண்டு பாய்ந்தது. பிழைத்தார், தழும்பு நிலைத்தது. மெத்தென்ற அகலத் தொப்பி அவர் அடையாளமாகவே ஆனது. 1861-இல் பவோன் போரில் உர்கீசாவுக்கு எதிராக வென்று, அடுத்த ஆண்டு ஒன்றுபட்ட அர்ஜென்டினாவின் தலைமைக்கு வந்தார்.

அந்த ஆறு ஆண்டுகளை நான் விரைவாகக் கடக்கவே விரும்புகிறேன், ஆனால் மறைத்துக் கடக்க முடியாது. உள்நாட்டு மாகாணங்களின் கிளர்ச்சித் தலைவர் ‘சாச்சோ’ பெஞ்ஞலோசா 1863-இல் சரணடைந்த பிறகு கொல்லப்பட்டார். 1865 முதல் பிரேசில், உருகுவேயுடன் சேர்ந்து பராகுவேமீது நடத்திய போர், அந்தச் சிறிய நாட்டின் மக்கள்தொகையில் பெரும்பங்கை அழித்தது. கூட்டணிப் படைகளின் தலைமைத் தளபதி மித்ரே. 1866 செப்டம்பர் 22 அன்று குருபைத்தியில் அவர் ஆணையின்கீழ் நடந்த தாக்குதல் பேரழிவில் முடிந்தது. இறந்தவர்களில் சர்மியெந்தோவின் வளர்ப்பு மகன் தொமிங்கீத்தோவும் ஒருவர். போரை எதிர்த்து எழுதிய ‘லா அமெரிக்கா’ நாளிதழை அரசு மூடியது. உர்கீசா தன் பத்திரிகையை மூடியதைக் கண்ட மனிதர், தன் ஆட்சியில் பிறருடையதை மூடவிட்டார். பராகுவேயில் அவரைப் பற்றி எழுதப்படுவது வேறு வரலாறு. இந்த உண்மையை ஒதுக்கிவிட்டு அவருடைய இலக்கியப் பணியை மட்டும் பாராட்டுவது நேர்மையாகாது.

பதவி முடிந்தது. ஜெனரலுக்கு வருமானம் வேண்டும், அரசியலுக்கு மேடை வேண்டும். நண்பர்களோடு பங்கு போட்டு 1870 ஜனவரி 4 அன்று லா நாசியோனைத் தொடங்கினார். முதல் நாள் அச்சானவை 1,000 படிகள் என்பது பத்திரிகையே சொல்லிவரும் கணக்கு. இதற்கு முன் இருந்த ‘லா நாசியோன் அர்ஹென்தீனா’ ஒரு போர்முனையாக இருந்தது, இது கொள்கையைப் பேசும் மேடையாக இருக்கும் என்று முதல் தலையங்கத்தில் எழுதினார். முந்தைய ஆண்டில் எடுத்த நாட்டின் முதல் மக்கள்தொகைக் கணக்கில் அர்ஜென்டினா முழுவதும் 20 லட்சம் பேர்கூட இல்லை. பெரும்பாலானோருக்கு எழுத்தறிவு கிடையாது.

போர்முனையை அவர் விட்டாலும் அது அவரை விடவில்லை. 1874 தேர்தலில் தோற்றபோது, மோசடி என்று சொல்லி ஆயுதக் கிளர்ச்சியில் இறங்கினார். தோற்றார், சிறைப்பட்டார், மன்னிக்கப்பட்டார். அந்த மாதங்களில் லா நாசியோனும் மூடப்பட்டுக் கிடந்தது. கிளர்ச்சி தொடங்கியபோது ஆட்சியில் இருந்தவர் சர்மியெந்தோ. சிலி அகதி நாட்களின் தோழர். மறுபடியும் திறந்தபோது பத்திரிகை கொஞ்சம் கொஞ்சமாக வேறு ஆளாக வளரத் தொடங்கியது. கட்சிக் குரல் தணிந்து, செய்தியும் வாணிபமும் பெருகின. மகன் பார்த்தொலோமே மித்ரே இ வேதியா (வீட்டில் ‘பார்த்தொலீத்தோ’) ஆசிரியப் பொறுப்பை ஏற்றார்.

அன்றைய லா நாசியோனின் ஒரு பக்கத்தைக் கற்பனை செய்யலாம். நெருக்கமான எழுத்தில் நீண்ட பத்திகள், படம் இல்லை. ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கிய நீராவிக் கப்பல்களின் பெயர்கள், கம்பளி விலை, தோல் விலை, நில ஏலம், நாடாளுமன்ற விவாதம். இவற்றுக்கு அடுத்த பத்தியிலேயே ஓர் இலக்கியக் கட்டுரை. இரண்டையும் பிரிக்க ஒரு கோடு போதுமானதாக இருந்தது. கம்பளி வியாபாரி விலை பார்க்க வந்த இடத்தில் வால்ட் விட்மனைப் பற்றிப் படித்தார். லத்தீன் அமெரிக்காவில் புத்தகச் சந்தை என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லாத காலம் அது. எழுத்தாளனுக்கு வாசகரும் கூலியும் ஒன்றாகக் கிடைத்த இடம் நாளிதழ்.

இங்கே ஒரு தொழில்நுட்ப மாற்றத்தைக் கவனிக்க வேண்டும், ஏனெனில் க்ரோனிக்கா வளர்ந்ததன் காரணம் அதில் இருக்கிறது. 1870-களில் கடலடித் தந்திக்கம்பி அர்ஜென்டினாவை ஐரோப்பாவோடு இணைத்தது. 1877-இல் லா நாசியோன் ஹவாஸ் நிறுவனத்தின் தந்திச் செய்திகளை வெளியிடத் தொடங்கியது. போர், பங்குச்சந்தை, அரசர் மரணம் எல்லாம் அடுத்த நாளே சில வரிகளில் வந்துவிட்டன. ஆனால் வெளிநாட்டு நிருபரின் நீண்ட கடிதம் இன்னமும் கப்பலில்தான் வந்தது. நாடுகடத்தப்பட்ட அந்தக் கியூபர், ஹொசே மார்த்தியின் முதல் கடிதம் நியூயார்க்கில் 1882 ஜூலை 15 அன்று எழுதப்பட்டது; புவெனஸ் ஐரிஸில் அச்சானது செப்டம்பர் 13. இரண்டு மாதப் பழைய செய்தியை யார் படிப்பார்கள்? செய்திக்காக யாரும் படிக்க மாட்டார்கள். எழுத்துக்காகப் படிப்பார்கள். தந்தியோடு ஓட முடியாத கடிதம், தந்தியால் தர முடியாததைத் தர வேண்டியிருந்தது.

ஹொசே மார்த்தி கியூப விடுதலைக்காகப் பதினாறு, பதினேழு வயதிலேயே சிறையும் கல்லுடைப்பும் கண்டவர். நியூயார்க்கில் அகதியாக இருந்துகொண்டு லா நாசியோனுக்கு 1882 முதல் 1891 வரை எழுதினார். சுதந்திரதேவி சிலையின் திறப்பு விழா, சிகாகோவில் தூக்கிலிடப்பட்ட தொழிலாளர் தலைவர்கள், ஆஸ்கர் வைல்டின் சொற்பொழிவு, விட்மன். 1886 ஆகஸ்டு 31 இரவு தெற்குக் கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகரை நிலநடுக்கம் தாக்கியது. மார்த்தி அங்கே போகவில்லை. நியூயார்க்கில் உட்கார்ந்து, ஆங்கில நாளிதழ்களை விரித்து வைத்துக்கொண்டு எழுதினார். லா நாசியோனில் அது அக்டோபர் நடுவில் வந்தது. தகவல் ஒவ்வொன்றும் பிற தாள்களிலிருந்து எடுத்தது. நகரம் குலுங்கும் கணமும், தெருவில் இரவைக் கழித்த கறுப்பின மக்களின் பிரார்த்தனைப் பாட்டும் மட்டும் வேறு எந்தத் தாளிலும் இல்லாதபடி அங்கே உயிரோடு இருக்கின்றன. இன்றைய பத்திரிகை அறத்தின்படி இப்படி எழுதலாமா என்ற கேள்வி நியாயமானது. அந்த உரைநடையைப் படித்த பிறகு அந்தக் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டுப் போக முடிவதில்லை.

மித்ரே குடும்பத்தின் தாராளத்துக்கு எல்லை இருந்தது. முதல் கடிதத்திலேயே கத்தரி விழுந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளைப் பற்றிய கடுமையான பகுதிகளை நீக்கிவிட்டு, 1882 செப்டம்பர் 26 அன்று பார்த்தொலீத்தோ மார்த்திக்கு விளக்கம் எழுதினார். அந்த நாட்டுக்கு எதிராகப் பத்திரிகை ஏதோ பிரசாரம் தொடங்கிவிட்டதாக வாசகர்கள் நினைப்பார்கள் என்பது காரணம். எழுத்து ஒரு சரக்கு, அது சந்தையில் இடம் பிடித்தாக வேண்டும் என்றும், கடுமையான சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, வெளிப்படையாக எழுதினார். வளைந்து கொடுக்க வேண்டிய இடம் எது, கூடாத இடம் எது என்று மார்த்தி நன்றாகக் கற்றுக்கொண்டார். பிற்காலக் கட்டுரைகளில் அவருடைய விமர்சனம் காட்சிகளுக்குள் புதைந்து வருகிறது. கலைக்கு அது நல்லதாகவும் போயிற்று என்று சிலர் சொல்வார்கள். வெட்டப்பட்ட அந்தப் பத்திகள் அச்சாகியிருக்க வேண்டும் என்றே நான் விரும்புகிறேன்.

சுதந்திரதேவி சிலையைப் பற்றிய கட்டுரை 1887 ஜனவரி 1 அன்று வந்தது. அதைப் படித்துவிட்டுச் சர்மியெந்தோ, பிரெஞ்சுக்காரரான விமர்சகர் பால் குரூசாக்குக்கு ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார்: இந்த ஸ்பானிய உரைநடையை நீங்கள் பிரெஞ்சில் பெயர்க்க வேண்டும், விக்தர் ஹ்யூகோவுக்குப் பிறகு இப்படி ஒரு முழக்கம் இல்லை என்ற பொருளில். அதுவும் சில நாட்களில் லா நாசியோனிலேயே அச்சானது. எழுதியவர் முன்னாள் குடியரசுத் தலைவர். தாளைத் தொடங்கியவரும் முன்னாள் குடியரசுத் தலைவர். இருவருக்கும் நடுவே 1874-இன் கிளர்ச்சியும் குருபைத்தியில் இறந்த ஒரு மகனும். இருந்தும் ஒரு கியூப அகதியின் நடையழகைப் பற்றிப் பேச அந்தத் தாளில் இடம் இருந்தது.

எதிரிகளுக்கு இடம் விடும் பண்பு எழுத்து விஷயத்தில் மித்ரேக்கு உண்மையிலேயே இருந்தது. ‘மார்த்தின் ஃபியெர்ரோ’ என்ற காவியத்தை 1872-இல் எழுதிய ஹொசே எர்நாந்தெஸ் அவருடைய கடும் எதிரி. சாச்சோ கொலையைக் கண்டித்து எழுதியவர். அவரே 1879-இல் தன் நூலின் ஒரு படியை மித்ரேக்கு அனுப்பினார். இருபத்தைந்து ஆண்டுகளாக நான் உங்கள் எதிரணியில் நிற்பவன், அதைத் தாண்டிக் கேட்கிறேன், உங்கள் நூலகத்தில் இந்த எளிய புத்தகத்துக்குச் சிறிது இடம் தாருங்கள் என்பது அவர் கடிதத்தின் சாரம். மித்ரே பதில் எழுதினார். பாராட்டினார், குறையும் சொன்னார். வரலாற்றாசிரியர் விசெந்தே ஃபிதேல் லோபெஸோடு 1880-களின் தொடக்கத்தில் நடந்த விவாதமும் இப்படித்தான். ஆவணம் இல்லாமல் வரலாறு இல்லை என்று மித்ரே, கதையாகச் சொல்லத் தெரியாதவன் வரலாற்றாசிரியன் இல்லை என்பதுபோல லோபெஸ். புத்தகமாவதற்கு முன் அந்தச் சண்டையை நகரம் நாளிதழ்களில் படித்தது.

நிக்கராகுவாவின் அந்த இளங்கவிஞர் ரூபன் தாரியோ வந்த கதை இன்னும் அழகானது. 1888-இல் வால்பரைசோவில் ‘அசூல்’ என்ற சிறு நூலை வெளியிடவிருந்த இருபத்தொரு வயதுக் கவிஞருக்கு ஒரே ஆசை, லா நாசியோனில் எழுத வேண்டும். சிலியின் மூத்த அரசியல்வாதியும் அங்கே இலக்கிய இதழியலுக்கு வித்திட்டவருமான ஹொசே விக்தொரீனோ லஸ்தார்ரியாவிடம் அவரை அழைத்துப் போனார்கள். நோயில் நகர முடியாமல் சாய்வு நாற்காலியில் இருந்தார் கிழவர். மித்ரேக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் எழுதிக் கொடுத்தார். சில காலத்தில் காலமானார். 1889 பிப்ரவரியில் தாரியோவின் முதல் கட்டுரை லா நாசியோனில் வந்தது. 1893-இல் புவெனஸ் ஐரிஸுக்கே வந்து ஐந்தாண்டு இருந்தார். அங்கே வரும் வழியில்தான் நியூயார்க்கில் மார்த்தியைச் சந்தித்தார். அவர் தன்னை மகனே என்று அழைத்ததைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1895 மே 19 அன்று மார்த்தி கியூபப் போர்க்களத்தில் இறந்தபோது தாரியோ எழுதிய அஞ்சலியும் லா நாசியோனில்தான் வந்தது. உரைநடையில் நடை என்பது என்னவென்று தனக்குப் புரிந்ததே அந்தத் தாளில் மார்த்தியையும் குரூசாக்கையும் படித்துத்தான் என்று தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1898 முடிவில், அமெரிக்காவிடம் தோற்றுக் குடியேற்றங்களை இழந்து நின்ற ஸ்பெயினைப் பார்த்து எழுதும்படி பத்திரிகை அவரை அனுப்பியது. அந்தக் கட்டுரைகள் 1901-இல் நூலாயின. ஆண்ட நாட்டைப் பார்த்து எழுத, ஆளப்பட்ட கண்டத்திலிருந்து ஒரு கவிஞர் நிருபராகப் போனார்.

மித்ரே இந்த ஆண்டுகளில் முதியவர். நாளிதழை மகன்கள் பார்த்துக்கொள்ள, அவர் பெல்கிரானோ, சான் மார்த்தின் ஆகிய விடுதலைத் தலைவர்களின் வரலாறுகளைத் திருத்தி விரித்தார், அமெரிக்கப் பழங்குடி மொழிகளின் இலக்கண நூல்களைச் சேகரித்தார், தாந்தேயின் ‘தெய்வீக நாடகம்’ முழுவதையும் ஸ்பானியச் செய்யுளாக்கினார். 1898-இல் ரொபெர்த்தோ பைரோ பத்தகோனியக் கரையோரம் பயணம் செய்து லா நாசியோனுக்கு எழுதிய கட்டுரைகள் நூலானபோது மித்ரே முன்னுரைக் கடிதம் கொடுத்தார். லைனோடைப் எந்திரம் அச்சுக்கூடத்துக்கு வந்து கையால் எழுத்துக் கோத்தவர்களுக்கு வேலை இல்லாமல் போன நிலையில், அவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1901-இல் மலிவு விலைப் புத்தக வரிசை ஒன்று தொடங்கப்பட்டது. பைரோவும் அதில் உழைத்தார். 1920 வரை எண்ணூறுக்கு மேற்பட்ட தலைப்புகள் வந்தன. வேலை போகும் தொழிலாளியைக் காப்பாற்ற நூல்களை அச்சடித்த முடிவு, குறைந்த கூலிக்காரர் வீட்டிலும் ஒரு புத்தக அலமாரியை உண்டாக்கியது.

இருபதாம் நூற்றாண்டில் இலக்கியம் பத்தியிலிருந்து தனி இணைப்புக்கு நகர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை இணைப்பை 1931-லிருந்து நாவலாசிரியர் எதுவார்தோ மல்யேயா நடத்தினார். போர்ஹெஸின் கட்டுரைகளும் கவிதைகளும் அதில் வந்தன. ஸ்பெயினிலிருந்து உனாமுனோவும் ஒர்த்தேகா இ கஸெத்தும் எழுதினார்கள். விக்தோரியா ஒக்காம்போவின் முதல் கட்டுரை 1920-இல் இங்கே வெளியானது, தாந்தேயைப் பற்றி. 1924-இல் தாகூரைப் படிக்கும் இன்பத்தைப் பற்றி அவர் எழுதியதும் இதே தாளில். அந்த நவம்பரில் தாகூர் நோயாளியாக வந்து இறங்கியபோது, சான் இசித்ரோவில் ஆற்றைப் பார்த்த ஒரு வீட்டில் அவரைத் தங்கவைத்தார். மித்ரே பெயர் கொண்ட ரயில் இன்று அந்த ஊர் வழியாகத்தான் போகிறது.

தனி இணைப்பு இலக்கியத்துக்கு மரியாதை தந்தது. கம்பளி வியாபாரியை அது இழந்தது. இலக்கியப் பக்கம் என்று பெயர் போட்டு வைத்தால், இலக்கியம் தேடுகிறவர் மட்டுமே அதைத் திறப்பார். தற்செயலாகச் சந்திக்க வழியில்லை. 2007-இல் ‘ஆதெஎனே’ என்ற பண்பாட்டு வார இதழாக அந்த இணைப்பு மாறியது, பிறகு அதுவும் நின்றது. 2016-இல் வார நாட்களில் பத்திரிகையின் அகலப் பக்கமே சிறிய அளவுக்குச் சுருங்கியது. அதே ஆண்டில் நிறுவனம் தொலைக்காட்சிச் சேனல் ஒன்றைத் தொடங்கியது. இணையப் பதிப்பு 1995-இலேயே வந்துவிட்டது. அலுவலகம் இன்று தலைநகர எல்லைக்கு வெளியே, விசெந்தே லோபெஸ் என்ற புறநகரில். அந்த ஊர்ப் பெயர், மித்ரேயோடு வரலாற்றுக்காகச் சண்டையிட்டவரின் தகப்பனார் பெயர்.

கொள்கையைப் பேசும் மேடை என்ற வாக்கு என்ன ஆயிற்று? இராணுவ ஆட்சிக் காலத்தில், 1976-77-இல், நாட்டின் செய்தித்தாள் காகித ஆலையான ‘பப்பேல் ப்ரென்சா’வின் பங்குகளை ‘க்ளாரின்’, ‘லா ரசோன்’ ஆகியவற்றோடு சேர்ந்து லா நாசியோனும் வாங்கியது. அந்த விற்பனை நடந்த விதம் பற்றிய சர்ச்சை பல பத்தாண்டுகள் நீதிமன்றங்களில் நடந்தது. 2015 நவம்பர் 23, தேர்தல் முடிந்த மறுநாள், இராணுவ ஆட்சிக் குற்றங்களுக்காக முதியவர்கள்மீது நடக்கும் வழக்குகளைப் பழிவாங்கலாகக் காட்டி, அதை நிறுத்தச் சொல்லும் பெயரிடாத தலையங்கம் ஒன்று வெளிவந்தது. அன்று பகலிலேயே அந்தப் பத்திரிகையின் செய்தியாளர்கள் அலுவலகத்தில் கூடி, தலையங்கத்தை ஏற்க மறுக்கும் அட்டைகளைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். தங்கள் தாளின் தலையங்கத்துக்கு எதிராக, தங்கள் முகத்தோடு. படம் நாடு முழுவதும் பரவியது. 1882-இல் பார்த்தொலீத்தோ வெட்டிய பத்திகளுக்காகக் கேட்க நியூயார்க்கில் ஒரு தனி மனிதர் மட்டுமே இருந்தார்.

2020 மார்ச்சில், நிறுவனரின் வழித்தோன்றலும் 1982 முதல் பத்திரிகையின் இயக்குநருமாக இருந்த இன்னொரு பார்த்தொலோமே மித்ரே காலமானார். அந்தப் பெயரில் ஒருவர் இப்போது முதல் பக்கத்துக்குப் பொறுப்பாளர் இல்லை.

க்ரோனிக்காவின் கதை வேறு திசையில் போனது. மார்த்தி, தாரியோ போன்றோரின் நாளிதழ்க் கட்டுரைகளை நெடுங்காலம் இலக்கிய வரலாறுகள் வயிற்றுப்பாட்டுக்காக எழுதியவை என்று ஒதுக்கி வைத்திருந்தன. 1990-களின் தொடக்கத்தில் சுசானா ரோட்கர் என்ற வெனிசுவேலா ஆய்வாளர், நவீன ஸ்பானிய உரைநடை அந்தக் கட்டுரைகளில்தான் பிறந்தது என்று ஆதாரத்தோடு காட்டினார். அவருடைய கணவர் தொமாஸ் எலோய் மார்த்தினெஸ் இளமையில் லா நாசியோனில் திரைப்பட விமர்சகராக இருந்தவர். ‘சந்தா எவீத்தா’ எழுதி உலகப் புகழ் பெற்ற பிறகு அதே தாளில் இறுதிக்காலம் வரை பத்தி எழுதினார். லெய்லா கெர்ரியேரோ அந்தப் பத்திரிகையின் ஞாயிறு இதழில் வேலை செய்து, இன்று ஸ்பானிய உலகின் முதன்மையான க்ரோனிக்கா எழுத்தாளர்களில் ஒருவராக இருக்கிறார்.

தாரியோ காலத்தில் பயணம் ஒன்றாக இருந்தது: முதலில் நாளிதழ், பிறகு நூல். அவருடைய ‘லோஸ் ராரோஸ்’ அப்படி வந்தது, ஸ்பெயின் கட்டுரைகள் அப்படி வந்தன, பைரோவின் பத்தகோனியாவும் அப்படித்தான். இன்று திரையில் இடத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஓர் எழுத்தாளருக்கு மாதக்கணக்கில் சம்பளம் கொடுத்து, ஒரு விஷயத்தின் பின்னால் அலைய விடும் பத்திரிகை அரிது. இராணுவச் சித்திரவதை முகாமிலிருந்து உயிர்பிழைத்த ஒரு பெண்ணைப் பற்றி கெர்ரியேரோ எழுதிய ‘லா யமாதா’, 2024-இல் வந்தது. நீண்ட காலம் அந்தப் பெண்ணோடு பேசி, அவரைச் சுற்றியிருந்தவர்களோடு பேசி எழுதிய பெரிய நூல். எந்த நாளிதழிலும் தொடராக வராமல் நேராகப் புத்தகமாகவே வந்தது.